பணமா, சாப்பாடா, மாத்திரையா: வளரிளம் பெண்களுக்கு எந்தத் திட்டம்?

ஒரு பகுதியில் வளரிளம் பெண்களின் ஊட்டச்சத்துக்காக ஒரு தொகை ஒதுக்கியாகிவிட்டது, அதை எந்த வடிவத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு உதவித்தொகை, பள்ளியில் சமைத்த சாப்பாடு, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உணவுப்பொருள், கூப்பன், இரும்புச்சத்து மாத்திரை, பெற்றோருக்கு வேலை என்று கூட்டத்தில் ஐந்தாறு யோசனைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் வாதாட ஒருவர் இருப்பார். பணம் கொடுக்கச் சொல்பவர் "எதை வாங்குவது என்று அவர்களுக்குத் தெரியாதா" என்பார். உணவு கொடுக்கச் சொல்பவர் "பணம் வேறு செலவுக்குப் போய்விடும்" என்பார். இந்த வாக்குவாதத்தில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது: அந்தப் பெண் பகலில் எங்கே இருக்கிறாள்? பள்ளியிலா, வீட்டிலா, வேலையிலா, கல்யாணமாகிப் போன வீட்டிலா? எந்தத் திட்டம் என்பதை முக்கால்வாசி இந்தக் கேள்வியே தீர்த்துவிடும் என்பது என் கருத்து.

உலக சுகாதார நிறுவனக் கணக்கில் வளரிளம் பருவம் என்பது 10 முதல் 19 வயது வரை. ஒருவர் வளர்ந்து முடித்தபின் இருக்கும் உயரத்தில் 15 முதல் 20 சதவீதமும், எடையில் ஏறக்குறையப் பாதியும் இந்த ஆண்டுகளில்தான் சேர்கின்றன. மாதவிடாய் தொடங்குவதால் இரும்புச்சத்துத் தேவையும் கூடுகிறது. ஆனால் ஊட்டச்சத்தைக் குறிவைக்கும் உதவித் திட்டங்கள் பெரும்பாலும் கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும்தான் பார்க்கின்றன. இடைப்பட்ட வயதுப் பெண் பட்டியலிலிருந்து இறங்கிவிடுகிறாள், கர்ப்பமானால்தான் திரும்ப ஏறுகிறாள். இந்தியாவின் தேசிய குடும்பநல ஆய்வின்படி 15–19 வயதுப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் 2015–16இல் 54.1 சதவீதம், 2019–21இல் 59.1 சதவீதம். இத்தனைக்கும் அந்த நாட்டில் வளரிளம் பெண்களுக்கென்றே மாத்திரைத் திட்டமும் உணவுத் திட்டமும் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன.

ஒப்பிட உட்காரும் முன் பிரச்சினையைப் பிரித்துக்கொள்வது நல்லது. வயிறு நிறையாதது ஒன்று. வயிறு நிறைந்தும் இரும்பு, ஃபோலிக் அமிலம் போன்ற நுண்சத்துகள் கிடைக்காதது இன்னொன்று. மூன்றாவது, சீக்கிரமே கல்யாணமாகி, தன் உடம்பு வளர்ந்து முடிவதற்குள் இன்னோர் உடம்பையும் வளர்க்க வேண்டிவருவது. முதலாவதைத் தீர்க்கும் கருவி இரண்டாவதைத் தொடாமலே போகலாம். மூன்றாவதற்கு உணவே கொடுக்காத ஒரு திட்டம்தான் பொருத்தமாக இருக்கலாம்.

பள்ளிச் சாப்பாடு

பள்ளியில் சமைத்துப் போடும் சாப்பாட்டுக்கு உள்ள பெரிய பலம், அது அவள் வாய்க்கே போகிறது என்பதுதான். வீட்டில் யாருக்கு முதலில், யாருக்கு மிச்சம் என்ற கணக்கு அங்கே இல்லை. வடக்கு உகாண்டாவில், போரால் இடம்பெயர்ந்தவர்களின் முகாம்களில் 2005க்கும் 2007க்கும் இடையில் ஐ.நா.வின் உலக உணவுத் திட்ட அமைப்பு நடத்திய பள்ளி உணவை ஆய்வாளர்கள் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். நுண்சத்து சேர்த்த உணவு கிடைத்த பள்ளிகளில், 10 முதல் 13 வயதுப் பெண்களிடையே இரத்தசோகை தெளிவாகக் குறைந்தது. இந்த வயதுப் பெண்களை நேரடியாக அளந்து கிடைத்த சான்றுகள் குறைவு. அதனால் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. கானாவின் பள்ளி உணவுத் திட்டத்தில் கிடைத்த முடிவு வேறு மாதிரி. 5 முதல் 15 வயது வரை எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் உயரத்தில் மாற்றமில்லை. பலன் தெரிந்தது சிறு குழந்தைகளிடமும் பெண் குழந்தைகளிடமும். வளரிளம் பெண்ணின் உயரத்தைப் பள்ளிச் சாப்பாடு கூட்டிவிடும் என்று எதிர்பார்த்து இறங்கினால் ஏமாற்றம்தான். இரத்தம், பசி, வருகைப்பதிவு என்ற மூன்றிலும்தான் அதன் வேலை தெரியும்.

பலவீனம் எங்கே என்றால், எந்த வகுப்போடு சாப்பாடு நிற்கிறது என்பதில். இந்தியாவின் பிரதமர் போஷண் திட்டம் 6 முதல் 8ஆம் வகுப்புவரை ஒரு வேளைக்கு 700 கிலோகலோரியும் 20 கிராம் புரதமும் என்று அளவு வைத்திருக்கிறது. எட்டாம் வகுப்போடு அது முடிகிறது. சில மாநிலங்கள் சொந்த நிதியில் மேலே நீட்டித்திருக்கின்றன. மற்ற இடங்களில், பதினான்கு வயதில், தேவை உச்சத்தில் இருக்கும்போது தட்டு எடுக்கப்படுகிறது. பள்ளியை விட்டு நிற்பதும் அதே வயதில்தான் அதிகம். சமையற்கூடம், சமைப்பவர், பாத்திரம், தண்ணீர் எல்லாம் ஏற்கெனவே இருக்கும் வளாகத்தில் இன்னும் இரண்டு மூன்று வகுப்புகளுக்குச் சேர்த்துச் சமைப்பது, புதிதாக ஒரு திட்டம் தொடங்குவதைவிட எவ்வளவோ சுலபம். கையில் இருப்பது சின்னத் தொகை, பெரும்பாலான பெண்கள் பள்ளியில் இருக்கிறார்கள் என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இப்போது நடக்கும் சாப்பாட்டை மேல்வகுப்புக்கு நீட்டிக்க முடியுமா?

விடுமுறை நாட்களில் என்ன செய்வது என்பது தீராத கேள்வி. கோடை விடுமுறையும் வாராந்தர விடுமுறையும் சேர்ந்தால் ஆண்டில் பெரிய பங்கு சாப்பாடில்லாத நாட்கள்தான்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உணவு

பள்ளிக்கு வராத பெண்ணைப் பிடிக்க முதலில் தோன்றும் வழி இது. இந்தியாவில் 2010இல் தொடங்கிய சப்லா திட்டம் 11 முதல் 18 வயதுப் பெண்களுக்கு ஆண்டில் 300 நாள், நாளுக்கு 600 கிலோகலோரி, 18 முதல் 20 கிராம் புரதம் என்று நிர்ணயித்தது. முதலில் சுமார் 200 மாவட்டங்கள். பிறகு 2017–18இல் திட்டத்தை மாற்றி, பள்ளிக்குச் செல்லாத 11–14 வயதுப் பெண்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். அப்புறம் 2021–22இல் போஷண் 2.0 என்ற ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தின் கீழ் வந்தபோது அது 14–18 வயதாக மாறியது, 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று அரசு பட்டியலிட்ட பின்தங்கிய மாவட்டங்களிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் மட்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரே திட்டத்தின் பயனாளி இரண்டு முறை மாறியிருக்கிறாள். பட்டியல் மாறும்போதெல்லாம் களப்பணியாளர் வீடுவீடாகப் போய் வயது, பள்ளிச் சான்று பார்த்துத் திரும்ப எழுத வேண்டும். திட்டங்களை ஒப்பிடும் அட்டவணைகளில் இந்த வேலைப்பளுவுக்கு ஒரு கட்டம்கூட இருக்காது.

உணவுப்பொருளைக் கொடுத்தனுப்புவதில் எல்லோரும் சொல்லும் குறை, அது பங்கு போய்விடும் என்பது. உண்மைதான். வீட்டில் நான்கு பேருக்குப் பசி இருக்கும்போது மாவுப் பொட்டலத்தில் ஒருத்தியின் பெயரை எழுதிக் கொடுத்தால், அவள் மட்டும் கரைத்துக் குடிப்பாள் என்று எதிர்பார்ப்பதே தப்பு. தம்பி கேட்டால் அவளே எடுத்துக் கொடுப்பாள். ஆனால் அதே உகாண்டா ஆய்வில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய உணவும் பெண்களின் இரத்தசோகையைக் குறைத்தது, அந்த வீடுகளில் வயதுவந்த பெண்களுக்கும் பலன் கிடைத்தது. அங்கே இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. பள்ளிக்கு வந்தால்தான் உணவு என்ற நிபந்தனை இருந்தது. உணவில் நுண்சத்துகள் சேர்க்கப்பட்டிருந்தன. ஆக, பங்கு போவதையும் கணக்கில் சேர்த்துக் குடும்பத்துக்கே போதுமான அளவில், செறிவூட்டிய பொருளாகக் கொடுப்பதானால் கொடுக்கலாம். ஒருத்திக்கு மட்டும் அளந்து கொடுத்துவிட்டு, அவள்தான் சாப்பிட்டாள் என்று அறிக்கை எழுதுவதானால் வேண்டாம்.

உதவித்தொகை

பணத்தைப் பற்றித்தான் ஆய்வுகள் மலைபோல் இருக்கின்றன. வளரிளம் பெண்ணின் தட்டைப் பார்த்தவை அவற்றில் மிகக் குறைவு. பெரும்பாலும் பள்ளி, திருமணம், கர்ப்பம் ஆகியவற்றையே அளந்திருக்கிறார்கள். அதில் தவறில்லை, முன்பு சொன்ன மூன்றாவது பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

மெக்சிகோ 1997இல் தொடங்கிய ப்ரோக்ரெசா திட்டம், வகுப்பு ஏற ஏறத் தொகையைக் கூட்டியது. நடுநிலை வகுப்புகளில் பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதலாக வைத்தது. எந்த வயதில் படிப்பை நிறுத்துவார்களோ அந்த வயதில் பணத்தை ஏற்றுவது என்ற இந்த ஏற்பாடு எளிமையானது, நகலெடுக்கத் தகுந்தது. வங்கதேசம் 1994இல் நாட்டின் கிராமப்புறங்கள் முழுக்கக் கொண்டுவந்த பெண்கள் இடைநிலைக் கல்வி உதவித்தொகைக்கு மூன்று நிபந்தனைகள்: 75 சதவீத வருகை, தேர்வில் 45 சதவீத மதிப்பெண், கல்யாணம் ஆகாமல் இருப்பது.

நிபந்தனை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு மலாவியின் சோம்பா மாவட்டத்தில் 2008–09இல் நடந்த சோதனையைவிடத் தெளிவான பதில் வேறெங்கும் கிடைக்கவில்லை. கல்யாணமாகாத 13 முதல் 22 வயதுப் பெண்களில் ஒரு பிரிவுக்குப் பள்ளிக்கு வந்தால்தான் பணம். இன்னொரு பிரிவுக்கு நிபந்தனையே இல்லை. குடும்பத்துக்கு மாதம் 4 முதல் 10 டாலர், பெண்ணின் கையில் தனியாக 1 முதல் 5 டாலர். படிப்பு விஷயத்தில் நிபந்தனைப் பிரிவு முந்தியது. கல்யாணமும் கர்ப்பமும் தள்ளிப்போனது நிபந்தனையில்லாப் பிரிவில். காரணம் யோசித்தால் புரியும்: பள்ளியை விட்டு நின்றவளுக்கு நிபந்தனைத் திட்டத்தில் பணமும் நின்றுவிடுகிறது. நிபந்தனையில்லாதவளுக்குத் தொடர்ந்து வருகிறது, கல்யாணத்தைத் தள்ளிப்போட அந்தப் பணமே ஒரு பிடி. மிகவும் ஆபத்தான நிலையில் இருப்பவளை முதலில் கைவிடுவது நிபந்தனைதான். ஆனால் பணம் நின்ற பிறகு நிபந்தனையில்லாப் பிரிவின் பலன்களும் சீக்கிரமே கரைந்துபோயின என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. இரண்டு வருடத் திட்டத்தால் பத்து வருடப் பருவத்தைக் காப்பாற்ற முடியாது.

தென் வங்கதேசத்தில் நடந்த இன்னொரு சோதனை எனக்குப் பிடித்தமானது. 15 முதல் 17 வயதுப் பெண் கல்யாணமாகாமல் இருந்தால், நான்கு மாதத்துக்கு ஒருமுறை அவள் குடும்பத்துக்குச் சமையல் எண்ணெய். அவ்வளவுதான். இரண்டு வருடம் இதைப் பெறத் தகுதியுள்ள பெண்களிடையே சிறுவயதுத் திருமணம் 19 சதவீதம் குறைந்தது. பக்கத்திலேயே நடத்திப் பார்த்த விழிப்புணர்வு வகுப்புகள் கல்யாண வயதைத் தள்ளவில்லை. எண்ணெய் பெரிய தொகையும் இல்லை. பதினெட்டு முடிந்ததும் மொத்தமாக ஒரு தொகை தருகிற திட்டங்கள் பல இடங்களில் உண்டு. மேற்கு வங்கம் 2013இல் தொடங்கிய கன்யாஸ்ரீ அப்படி 25,000 ரூபாய் தருகிறது, அதோடு அதற்கு முந்தைய வயதுகளில் ஆண்டுத்தொகையும் உண்டு. மொத்தத் தொகை கல்யாணத்தைத் தள்ளிப்போட உதவலாம். பதினான்கு வயதில் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்பதில் அதற்கு வேலையில்லை. அதற்குச் சிறிய தொகை, அடிக்கடி வர வேண்டும்.

பணம் கொடுத்தால் சாப்பாடு மாறுமா? பெரும்பாலும் மாறும், எந்தத் திசையில் என்பதுதான் இடத்தைப் பொறுத்தது. வங்கதேசத்தில் 2012–14இல் பணம், உணவு, இரண்டும் பாதிப்பாதி, பணத்தோடு வாராந்தர ஊட்டச்சத்துக் கூட்டம் என்று பிரித்துப் பார்த்தபோது, குழந்தைகளின் வளர்ச்சிக்குறைவைக் கணிசமாகக் குறைத்தது கடைசி வகை மட்டுமே, 7.3 சதவீதப் புள்ளி. அது சிறு குழந்தைகளைப் பற்றிய முடிவு, வளரிளம் பெண்களுக்கு அப்படியே பொருத்திச் சொல்ல முடியாது. ஆனாலும் பணத்தோடு ஆள் வந்து பேசுவது சேரும்போது விளைவு மாறுகிறது என்பது கவனிக்க வேண்டியது. எதிர்த்திசைக்கும் உதாரணம் இருக்கிறது. பிலிப்பைன்ஸில், கிராமத்தில் பெரும்பாலோருக்குப் பணம் வந்த இடங்களில் சத்தான, சீக்கிரம் கெடக்கூடிய உணவுகளின் விலை ஏறி, திட்டத்தில் இல்லாத வீட்டுக் குழந்தைகளின் வளர்ச்சி பாதிக்கப்பட்டது. மெக்சிகோவில் ஏற்கெனவே எடை கூடியிருந்த கிராமப்புறப் பெண்களுக்குப் பணமோ உணவோ எது கொடுத்தாலும் எடை இன்னும் கூடியது. சந்தை தொலைவில் இருக்கும் இடத்திலும், எடைதான் பிரச்சினையாக இருக்கும் இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு பணத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

யார் கையில் பணம் போகிறது என்பதும் சின்ன விஷயமில்லை. பதினெட்டுக்குக் கீழே தனிக் கணக்கு வைப்பது பல இடங்களில் கஷ்டம். அம்மா பெயரில் கணக்கு, பதிவு செய்த போன் எண் அப்பாவுடையது, பணம் வந்த செய்தி அந்த எண்ணுக்கு, எடுக்கப் போவது அண்ணன். திட்ட ஆவணத்தில் மட்டும் பயனாளி என்ற இடத்தில் அவள் பெயர் இருக்கும்.

கூப்பனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈக்வடாரில் 2011இல் பணம், கூப்பன், உணவு மூன்றையும் ஒப்பிட்டார்கள். மூன்றுமே சாப்பாட்டைக் கூட்டின. கலோரியில் உணவு முந்தியது, வகைவகையாகச் சாப்பிடுவதில் கூப்பன். கொண்டுசேர்க்க அதிகம் செலவானது உணவுக்குத்தான். கடைகள் சரியாக இருக்கும் நகரத்தில் கூப்பன் நல்லது. மற்ற இடங்களில் தலைவலி.

பெற்றோருக்கு வேலை கொடுக்கும் திட்டம்

குடும்ப வருமானம் கூடினால் பெண்ணுக்கும் கிடைக்கும் என்ற தர்க்கம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அம்மா வேலைக்குப் போகும் நாளில் வீட்டுச் சமையலையும் தம்பி தங்கையையும் யார் பார்ப்பது? இந்தியாவின் ஊரக வேலை உறுதித் திட்டத்தைப் பற்றிய ஓர் ஆய்வு, அது வந்த இடங்களில் 13–17 வயதினர் பள்ளியில் சேர்ந்திருப்பது குறைந்தது என்றும், பையன்கள் கூலிவேலைக்கும் பெண்கள் வீட்டு வேலைக்கும் திரும்பினார்கள் என்றும் கண்டது. குடும்பத்துக்கு அந்தத் திட்டம் வேறு வகையில் அவசியமாக இருக்கலாம். இந்தப் பெண்ணின் ஊட்டச்சத்துக்காக அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஏற்கெனவே இருக்கிறது என்றால், வேலையிடத்தில் குழந்தைக் காப்பகம் இயங்குகிறதா என்று பார்ப்பதே அவளுக்குச் செய்யும் உதவி.

மாத்திரையும் செறிவூட்டலும்

மற்றவற்றோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. இரத்தசோகை 20 சதவீதத்துக்கு மேல் உள்ள இடங்களில் வாரம் ஒருமுறை 60 மி.கி. இரும்பும் 2.8 மி.கி. ஃபோலிக் அமிலமும் தரலாம் என்று 2011இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 40 சதவீதத்துக்கு மேல் என்றால் ஆண்டில் தொடர்ந்து மூன்று மாதம் தினமும் 30 முதல் 60 மி.கி. என்று 2016இல் பரிந்துரைத்தது. காகிதத்தில் இதைவிடச் சுலபமான திட்டம் கிடையாது.

மாத்திரை நாளில் வகுப்பறை எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். ஆசிரியர் பெயர் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கையில் வைக்கிறார். குடிக்கத் தண்ணீர் வெளியே. போனவர்களில் பாதிப் பேர் விழுங்குகிறார்கள். ஒருத்திக்குப் போன வாரம் வயிற்றைப் பிரட்டியது, அவளுடைய மாத்திரை பென்சில் டப்பாவுக்குள் போகிறது. மலம் கருப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்த இன்னொருத்திக்கு யாரும் அது சாதாரணம் என்று சொல்லவில்லை. பதிவேட்டில் எல்லோருக்கும் டிக். காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்தவளுக்கு வெறும் வயிற்றில் இரும்பு மாத்திரை கொடுத்தால் பிரட்டத்தான் செய்யும். சாப்பாடு இருக்கும் பள்ளியில், சாப்பிட்டு முடித்ததும், ஆசிரியர் கண்ணெதிரே விழுங்க வைத்தால் இந்தப் பிரச்சினையில் பாதி தீரும். அதனால்தான் மாத்திரையைத் தனித் தேர்வாக வைத்து ஒப்பிடுவதே தவறு என்கிறேன். அது வேறொரு திட்டத்தின் மேல் ஏறி வர வேண்டிய பொருள்.

செறிவூட்டலும் அப்படித்தான். இந்தியா 2024 மார்ச்சுக்குள் ரேஷன், பள்ளி உணவு, அங்கன்வாடி எல்லாவற்றிலும் செறிவூட்டிய அரிசியைக் கொண்டுவந்தது. தரவிதிப்படி கிலோவுக்கு 28 முதல் 42.5 மி.கி. இரும்பு. நாளுக்கு 150 கிராம் சாப்பிடும் பெண்ணுக்கு இதில் கிடைப்பது சுமார் 4 முதல் 6 மி.கி. யாரும் நினைவூட்ட வேண்டாம், விழுங்க வைக்க வேண்டாம் என்பது இதன் வசதி. ஏற்கெனவே இரத்தசோகை உள்ளவளுக்கு இது மட்டும் போதாது.

சரி, எதை எடுப்பது?

பெரும்பாலான பெண்கள் 16, 17 வயதுவரை பள்ளியில் இருக்கும் பகுதி என்றால்: மேல்வகுப்புவரை சாப்பாடு, அதில் செறிவூட்டிய தானியம், வாரம் ஒருநாள் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை. பணத்தைத் தொட வேண்டாம். ஒரே இடத்தில் மூன்றையும் சேர்க்க முடியும்போது தனித்தனியாக மூன்று அலுவலகங்களுக்கு நிதி பிரித்துக் கொடுப்பது வீண்.

எட்டாம் வகுப்போடு பாதிப்பேர் நிற்கும் பகுதி என்றால் முதல் செலவு உதவித்தொகைக்கு. வகுப்பு ஏற ஏறக் கூடும் தொகை, மாதாமாதம் தவறாமல். பள்ளி வருகைக்கு ஒரு கூடுதல் தொகையை இணைக்கலாம். அடிப்படைத் தொகையை நின்றவளுக்கும் நிறுத்தக் கூடாது. இது மலாவியின் இரண்டு பிரிவுகளையும் ஒட்டவைத்த ஏற்பாடு, செலவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். மாதம் ஒருமுறை பணம் வரும் நாளிலேயே கூட்டமும் மாத்திரையும் வைத்தால், பள்ளிக்கு வராத பெண்ணைச் சந்திக்க வேறு வாய்ப்பு தேட வேண்டியதில்லை.

சந்தை இல்லாத, விலை கையில் நிற்காத, முகாம் போன்ற இடம் என்றால் செறிவூட்டிய உணவுப்பொருள், குடும்ப அளவில்.

கல்யாணமாகிவிட்ட பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணை இந்த மூன்றுமே விட்டுவிடுகின்றன. கல்யாணமாகாமல் இருப்பதை நிபந்தனையாக வைக்கும் திட்டங்கள் அவளை விதிப்படியே வெளியே தள்ளுகின்றன. அவளுக்குக் கர்ப்பம் வரை காத்திருக்காமல், புதிதாகக் கல்யாணமானவள் என்ற நிலையிலேயே தாய்சேய்நலத் திட்டத்தில் பெயர் சேர்க்க ஒரு வழி வைக்க வேண்டும். தனி நிதி தேவையில்லை, சேர்க்கை விதியில் ஒரு வரி போதும். அந்த வரி இல்லாத திட்ட வரைவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

கடைசியாக, அளவீடு. எத்தனை பொட்டலம், எத்தனை மாத்திரை, எத்தனை பேருக்குப் பணம் என்ற எண்ணிக்கையோடு நிறுத்தினால் எல்லாத் திட்டமும் வெற்றியாகத்தான் தெரியும். தொடங்கும் முன்பே மூன்றை அளந்து வைக்க வேண்டும்: ஹீமோகுளோபின், வயதுக்கேற்ற உடல் நிறைக் குறியீடு, நேற்று சாப்பிட்ட உணவு வகைகள். கடைசியதற்கு, 15 முதல் 49 வயதுப் பெண்களுக்குப் பத்து வகைகளில் குறைந்தது ஐந்து வகை இருக்கிறதா என்று பார்க்கும் முறை உண்டு. ஹீமோகுளோபினை விரல் நுனிச் சொட்டில் பார்ப்பதைவிட சிரை எனும் இரத்தக் குழாயிலிருந்து எடுத்த இரத்தத்தில் பார்ப்பதே நம்பகமானது என்று 2024இல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. செலவு அதிகம்தான். எல்லோருக்கும் செய்ய முடியாவிட்டால் ஒரு சிறு மாதிரிக்காவது தொடக்கத்திலும் இரண்டு வருடம் கழித்தும், இரண்டு முறையும் ஒரே முறையில், செய்வதற்கான நிதியை முதல் வருட ஒதுக்கீட்டிலேயே எழுதிவிட வேண்டும்.